50 வாட் வானொலி ஏன் ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: எங்கள் பகுதியில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலி 90.4-இல் வருகிறது. 50 வாட் என்கிறார்கள். வீட்டு மாடியில் கணீரென்று கேட்கிறது. 7 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேருந்து நிலையத்தில் வெறும் கொரகொரப்பு. தனியார் பண்பலைகளோ அடுத்த மாவட்டம் வரை போகின்றன. வாட்டைக் கூட்டினால் இது தீராதா? அப்புறம், எந்த ஊருக்குப் போனாலும் சமுதாய வானொலி என்றால் ஏன் இதே 90.4?

முதல் கேள்விக்கான பதிலில் பாதி இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் எல்லோரும் கேட்பது வாட்டைப் பற்றித்தான் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் தூரமும் இரண்டு மடங்காகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. தடையே இல்லாத வெட்டவெளியில்கூடத் தூரத்தை இரட்டிப்பாக்க 4 மடங்கு பவர் வேண்டும். நம் ஊரில், தரையை ஒட்டிப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. அதனால் தூரம் இரட்டிப்பாக ஏறக்குறைய 16 மடங்கு பவர் தேவைப்படும். இந்தக் கணக்குப்படி பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் தூரம் 20 சதவீதத்தைக்கூடத் தொடாது. 7 கிலோமீட்டர் கேட்டது 8.3 கிலோமீட்டர் கேட்கும். அவ்வளவுதான். இதற்காக மின்கட்டணத்தையும் ட்ரான்ஸ்மிட்டர் விலையையும் இரட்டிப்பாக்குவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

சரி, தனியார் நிலையங்கள் எப்படி அவ்வளவு தூரம் போகின்றன? அவை ஆயிரக்கணக்கான வாட்டில் ஒலிபரப்புகின்றன என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் உயரம். கொடைக்கானல் பண்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். அகில இந்திய வானொலியின் 100.5. மதுரை, தேனி, திண்டுக்கல் தாண்டி அது எங்கெல்லாம் கேட்கிறது என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே இருப்பது 10 கிலோவாட் ட்ரான்ஸ்மிட்டர். உங்கள் கல்லூரியின் 50 வாட்டைப் போல 200 மடங்கு. மேலே சொன்ன கணக்கில் போட்டால், 200 மடங்கு பவருக்குக் கிடைக்கும் தூரம் 4 மடங்குகூட வராது. மீதி எல்லாம் மலையின் வேலை.

பண்பலை அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். மத்திய அலையைப் போல அது தரையைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகாது. சிற்றலையைப் போல வானத்தில் பட்டுத் திரும்பியும் வராது. கிட்டத்தட்டக் கண் பார்வை போகிற மாதிரிதான் போகும், அதைவிடக் கொஞ்சம் மட்டும் அதிகமாக. இதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். 15 மீட்டர் உயரத்துக்கு 16 கிலோமீட்டர், 30 மீட்டருக்கு 22 கிலோமீட்டர். 2000 மீட்டர் மலைக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டும். தொடுவானத்துக்கு உள்ளேயே கட்டடமும் தோப்பும் மேடும் குறுக்கே வரும் என்பதால் 50 வாட் நிலையம் அந்த 22-ஐ எட்டுவதில்லை. ஆனாலும் உயரத்தை இரட்டிப்பாக்குவது பவரை 4 மடங்காக்குவதற்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மின்கட்டணமும் ஏறாது.

சிக்கல் என்னவென்றால் உயரத்துக்கும் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. இந்தியாவின் சமுதாய வானொலி வழிகாட்டு நெறிகள் ஒரு நிலையம் 5 முதல் 10 கிலோமீட்டர் வரை கேட்டால் போதும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் பயனுறு பவர் 100 வாட். தேவை இருப்பதாக நிரூபித்தால் 250 வாட் வரை. ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக 15 மீட்டருக்குக் கீழேயும் வரக் கூடாது. ட்ரான்ஸ்மிட்டர் 50 வாட், வெளிப்படுவது 100 வாட் என்று இரண்டு எண் வருவதில் பலரும் குழம்புகிறார்கள். ஆன்டெனா அலையை மேலும் கீழும் வீணாக்காமல் பக்கவாட்டில் குவித்து அனுப்புகிறது. டார்ச் விளக்கின் கண்ணாடி செய்கிற வேலைதான். அதனால் அந்தத் திசையில் 100 வாட் போட்ட மாதிரி இருக்கும்.

இனி 90.4 விஷயம். என் பார்வையில் கதையின் சுவாரசியமான பகுதி இதுதான்.

வானொலி டயல் என்பது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் ஒரு சின்னத் தெரு. 108-க்கு மேலே விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளின் இடம், அங்கே கால் வைக்க முடியாது. தெருவுக்குள்ளும் வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்ட முடியாது. ஒரு பண்பலை நிலையம் தன் மைய எண்ணுக்கு இரு பக்கமும் 100 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு, அதாவது டயலில் 0.1 அளவுக்கு, பரவி நிற்கும். மலிவான ரேடியோவால் பக்கத்து நிலையத்தைச் சரியாக வடிகட்ட முடியாது. அதனால் நம் நாட்டில் ஒரே நகரத்துத் தனியார் நிலையங்களுக்கு இடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று எண்கள் படிக்கட்டு மாதிரி ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். அது தற்செயலாக வந்ததில்லை.

சமுதாய வானொலிக்குத் தெருவின் இடது மூலையில் 90.4, 90.8, 91.2 என்று சில மனைகளைத் தனியாக ஒதுக்கினார்கள். 107.8 போன்ற வலது மூலை எண்கள் பின்னால் பழக்கத்துக்கு வந்தன. காகிதத்தில் மூன்று மனை தாராளமாகத் தெரிகிறது. சென்னைக்கோ கோவைக்கோ வந்து பாருங்கள். அங்கே 91.1-இல் தனியார் நிலையம் உட்கார்ந்திருக்கிறது. 91.2 அதன் மடியிலேயே விழும், பேச்சுக்கே இடமில்லை. 90.8 அதற்கு 300 கிலோஹெர்ட்ஸ் தள்ளி. பல்லாயிரம் வாட் பக்கத்தில் முழங்கும்போது 50 வாட்டுக்கு அந்த இடம் நெருக்கடிதான். நிம்மதியாக மிஞ்சுவது 90.4 ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியபோது அமர்ந்ததும் இதே 90.4-இல்தான். தெலங்கானாவின் பஸ்தாபூர் பக்கம் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில் வந்ததும் 90.4. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய கடல் ஓசையும் 90.4.

இத்தனை பேர் ஒரே எண்ணில் இருந்தால் மோதிக்கொள்ளாதா? இங்கேதான் குறைந்த வாட் கைகொடுக்கிறது. சென்னைக்கும் பாம்பனுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நிலையமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் அடங்கிவிடுவதால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கவே கேட்காது. உங்கள் கேள்விக்கான பதிலும் இதுதான்: எல்லோரும் சின்னதாக இருப்பதால்தான் எல்லோருக்கும் அதே எண்ணைக் கொடுக்க முடிகிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு உண்டு. ஒரு நிலையம் நன்றாகக் கேட்கும் வட்டத்தைவிட, அது அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் வட்டம் பெரியது. பண்பலை ரேடியோவின் குணம் அப்படி. இரண்டு நிலையங்கள் ஒரே எண்ணில் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு விட்டுவிடும். ஆனால் பலமானது நல்ல வித்தியாசத்தில் பலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் மாறி மாறி வந்து படுத்தும். பொறியாளர்கள் வழக்கமாகக் கேட்கும் 20 டெசிபெல் வித்தியாசத்தை (பவரில் 100 மடங்கு) தரையொட்டிய கணக்கில் வைத்தால், தொந்தரவு வட்டம் கேட்கும் வட்டத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. 7 கிலோமீட்டர் கேட்கும் நிலையம் 20 கிலோமீட்டர் தள்ளி அதே எண்ணில் இருக்கும் நிலையத்தின் எல்லையை அரிக்கும். எல்லோரும் வாட்டைக் கூட்டினால் நடுவில் இருக்கும் கிராமத்துக்கு இரண்டு நிலையமும் கிடைக்காது. அதிகாரிகள் கூட்ட விடமாட்டேன் என்பது எல்லா நேரமும் வெறும் பிடிவாதத்தால் வருவதல்ல.

அமெரிக்கக் கதையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே சிறு நிலையங்களுக்கு நம்மைப் போல மனை ஒதுக்கவில்லை. தெருவில் எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே புகுந்துகொள் என்பதுதான் முறை. (அவர்கள் டயலில் 90.4 என்ற எண்ணே கிடையாது. 90.3, 90.5 என்று ஒற்றைப்படையில்தான் போகும்.) 2000 ஜனவரியில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 100 வாட், 30 மீட்டர் என்ற அளவில் குறைந்த பவர் பண்பலைக்கு அனுமதி கொடுத்தது. எதிர்பார்க்கும் எல்லை சுமார் 5.6 கிலோமீட்டர். பெரிய ஒலிபரப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. இரைச்சல் எப்படி வரும் என்று காட்டுவதாகச் சொல்லி ஒரு குறுந்தகடு தயாரித்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். அது தவறான சித்திரம் என்று ஆணையத்தின் பொறியாளர்களே மறுத்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒரு சட்டம் வந்தது. பெரிய நிலையத்திலிருந்து மூன்றாவது பக்கத்து எண்ணில், அதாவது 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக்கூட, சின்ன நிலையம் வரக் கூடாது என்று அது கட்டிப்போட்டது. நகரங்களில் இருந்த சந்துகள் எல்லாம் ஒரே நாளில் அடைபட்டன.

2003-இல் மைட்டர் என்ற ஆய்வு நிறுவனம் இதை ஆராய்ந்து, குறிப்பிடத்தக்க இடையூறு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. சட்டம் மாற 2011 ஜனவரி வரை ஆனது. இடையில் இன்னொன்றும் நடந்தது. பெரிய நிலையங்களின் நிகழ்ச்சியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யும் குட்டி ட்ரான்ஸ்மிட்டர்களுக்கு 2003-இல் விண்ணப்பம் கேட்டபோது சுமார் 13,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுக்கு 250 வாட் வரை அனுமதி உண்டு. உள்ளூர்க்காரர் பேச இடமில்லாத சந்தில் வெளியூர் நிகழ்ச்சியின் நகல் நுழைய இடம் இருந்தது. இடைஞ்சல் என்ற வாதத்தை இதற்கு அப்புறம் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். யாருக்கு எந்த எண் என்பதை அலை மட்டும் முடிவு செய்வதில்லை.

எந்த முறை நல்லது என்று கேட்டால், கிராமத்துக்கு நம் முறை. ஒதுக்கிய எண் இருக்கிறது, பெரியவர் வந்து விரட்ட மாட்டார். அமெரிக்கச் சிறு நிலையம் இரண்டாம் நிலை உரிமையோடு இருக்கிறது. பெரிய நிலையம் இடம் மாறினால் இதுவும் மாற வேண்டிவரும். ஆனால் நகரத்துக்கு நம் முறை போதவில்லை. அரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தில் 7 கிலோமீட்டர் வட்டங்கள் எத்தனை வேண்டும், மனைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன். 50 வாட் நிலையம் 7 கிலோமீட்டரில் கொரகொரப்பதற்குச் சட்டத்தைத் தொடாமலே சரிசெய்யக்கூடிய காரணங்கள் பெரும்பாலும் இருக்கும். நிலையத்தாரிடம் நட்பாகக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் கேபிள். ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து கோபுர உச்சிக்குப் போகும் கோஆக்சியல் கேபிள் விரல் தடிமன்கூட இல்லாத சாதாரண ரகமாக இருந்தால் 40 மீட்டரிலேயே ஏறக்குறைய பாதி பவரைத் தின்றுவிடும். 50 வாட்டில் 27, 28 வாட்தான் மேலே சேரும். அரை அங்குலத் தடிமனில் வரும் நல்ல கேபிள் 40 வாட்டுக்கு மேல் சேர்க்கும். ஒருமுறை ஒரு நிலையத்தில் எல்லை திடீரென்று சுருங்கிவிட்டது என்று மூன்று வாரம் ட்ரான்ஸ்மிட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் உச்சியில் இருந்த கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. ரப்பர் டேப் சுற்றாமல் விட்டது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது ஸ்டீரியோ. இதை எத்தனை முறை சொன்னாலும் பல நிலையங்கள் கேட்பதில்லை. ஸ்டீரியோவில் ஒலிபரப்பினால் எல்லைப் பகுதியில் இரைச்சல் 20 டெசிபெல் அளவுக்கு ஏறும். விவசாயிக்கு மழை நிலவரம் சொல்லவும், பாட்டி வைத்தியம் சொல்லவும் இடது காது, வலது காது எதற்கு? மோனோவுக்கு மாற்ற ஒரு ஸ்விட்ச் போதும். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு ஸ்விட்சில் கிடைக்கும்.

மூன்றாவது குரலின் அளவு. பண்பலையில் ஒலி எவ்வளவு உரக்கப் போகிறதோ அந்த அளவுக்கு அலைவெண் இரு பக்கமும் ஆடும், உச்சம் 75 கிலோஹெர்ட்ஸ். புதிதாக வந்த அறிவிப்பாளர் மைக்கை விட்டு ஒதுங்கி உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார், மிக்சரில் முள் பாதிகூட ஏறாது. கேட்பவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். குரலோடு சேர்ந்து இரைச்சலும் கூடும். பக்கத்துத் தனியார் நிலையமோ ஒலியை நெருக்கி, உச்சத்தை ஒட்டியே ஓட்டிக்கொண்டிருக்கும். டயலைத் திருப்பும்போது நம் நிலையம் நோஞ்சானாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம். ஒலி உச்சத்தைத் தாண்டாமல் பிடித்து வைக்கும் லிமிட்டர் ஒன்றை மாட்டி, மைக்கருகில் உட்காரப் பழக்கினால் போதும்.

நிலையத்தை விட்டு உங்கள் பக்கம் வந்தால், பேருந்து நிலையத்தில் எதில் கேட்டீர்கள் என்பதும் முக்கியம். செல்போனில் என்றால் இயர்போன் வயர்தான் ஆன்டெனா. சுருட்டிப் பையில் வைத்தால் எதுவும் வராது. கையடக்க ரேடியோ என்றால் கம்பியை முக்கால் மீட்டர் வரை இழுத்து நிமிர்த்திப் பிடியுங்கள். பல சிறு நிலையங்கள் அலையைச் செங்குத்தாகத்தான் அனுப்புகின்றன, கம்பி படுத்திருந்தால் பெரும்பகுதி வீணாகும். காரில் தானாகத் தேடும் பொத்தானை அழுத்தினால் பலவீனமான நிலையங்களைத் தாண்டிப் போய்விடும். 90.4-ஐக் கையால் வைத்துச் சேமியுங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே தனியார் கோபுரம் ஏதாவது இருந்தால் அதன் பலத்தில் மலிவான ரேடியோ திணறும். அதற்கு 50 வாட் நிலையத்தார் ஒன்றும் செய்ய முடியாது. கடலோர வாசகர்களுக்கு இன்னொரு விஷயம்: வெக்கையான இரவுகளில் கடல்மேல் காற்றடுக்கு மாறி இலங்கைப் பண்பலைகள் நம் கரையில் வந்து உட்காருவதும் உண்டு. அது விடிந்ததும் போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பேருந்து நிலையம் கேட்கவில்லை என்றால் 250 வாட்டுக்கு விண்ணப்பிக்க நியாயம் இருக்கிறது. 100-லிருந்து 250 ஆனால் தூரம் கால் பங்கு கூடும், உங்கள் 7 கிலோமீட்டர் 9-ஐ நெருங்கும். விண்ணப்பத்துக்கு முன்னால் நிலையத்தார் ஒரு காரியம் செய்யட்டும். ஒரு சின்ன ரேடியோவோடு பைக்கில் எட்டுத் திசையிலும் போய், குரல் எங்கே உடைகிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கட்டும். புள்ளிகள் ஏறக்குறைய வட்டமாக வந்தால் பவர் கேட்கலாம். ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்திருந்தால் ஆன்டெனா கோபுரத்தின் மறுபக்கத்தில் மாட்டப்பட்டு, கோபுரமே மறைக்கிறது என்று அர்த்தம். உங்கள் பேருந்து நிலையம் அந்தக் குழிக்குள் இருந்தால், ஆன்டெனாவைத் திருப்பி மாட்ட ஆளும் அரை நாளும் போதும்.